நாலு கோட்டுக்கு எவ்வளவு சார்?

போன வாரம் மாலை நடையின்போது எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் என்னை வழிமறித்தார். அவருடைய மகள் பிளஸ் டூ. நாட்டா நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். "சார், நீங்க அந்த லைன்லயே இருந்தவர். பி.ஆர்க். முடிச்சா மாசம் எவ்வளவு வரும்? தோராயமா சொன்னாக்கூடப் போதும்" என்றார்.

பேங்க் வேலை என்றால் சொல்லிவிடலாம். வாத்தியார் வேலை என்றாலும் சொல்லிவிடலாம். நாற்பது வருஷத்துக்கு மேல் வீட்டுக்குப் பிளான் போட்டுப் பிழைத்தவன், இதற்குப் பதில் தெரியாமல் "நாளைக்குச் சொல்றேன் சார்" என்று நழுவி வந்துவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன்.

சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 1979-இல் சென்னையில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாகப் படித்து முடித்தோம். ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே வாத்தியார்கள், ஐந்து வருஷமும் ஒரே டிராயிங் ஹால். மார்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். டிசைனில் மட்டும் ஒருவன் சுமார். அவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாடல் செய்வதைவிடப் பொது அறிவுப் புத்தகம் படிப்பதில் ஆசையுள்ளவன். அவனை டெல்லிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவன் பம்பாய்க்காரன். மூன்றாவது நான். அன்றிலிருந்து மூவரும் எப்போது சந்தித்தாலும், சாப்பாட்டுக்கு உட்காரும் முன் சம்பளக் கணக்கு ஒன்று நடக்கும். ஒரு தடவைகூட மூன்று தொகையும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததில்லை.

நான் சேர்ந்தது சென்னையில் பேர் பெற்ற ஒரு ஆர்க்கிடெக்ட்டின் அலுவலகம். மாதம் 500 ரூபாய். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை வாடகை 90, மெஸ்ஸுக்கு 150, ஊருக்கு 100. ட்ரேசிங் ஷீட்டில் ராட்ரிங் பேனாவால் கோடு இழுக்க வேண்டும். தப்பினால் பிளேடால் சுரண்டி அழிக்க வேண்டும். அழுத்திச் சுரண்டினால் ஷீட் ஓட்டையாகிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வெயில் காலத்தில் முழங்கை வியர்வை பட்டு மை இழுகாமல் இருக்கக் கையடியில் கைக்குட்டை விரித்துக்கொள்வோம். முதல் வருஷம் முழுக்க நான் வரைந்தது கக்கூஸும் மாடிப்படியும்தான். யார் வீட்டுக் கக்கூஸ் என்றுகூடத் தெரியாது.

ஒரு வருஷம் கழித்துத் தயங்கித் தயங்கி முதலாளியின் அறைக்குள் போய்ச் சம்பள உயர்வு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஏம்ப்பா, இங்கே நீ தொழில் கத்துக்கறே. நியாயமாப் பார்த்தா நீதான் எனக்குக் கொடுக்கணும்." அந்த மாதம் 50 ரூபாய் ஏற்றினார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் வேலை பார்த்தவன் என்ற பெயருக்கு வெளியே மரியாதை இருந்தது. அந்த மரியாதையையும் அவர் சம்பளத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தார் என்று பிற்பாடு புரிந்தது. இன்றைக்கும் இது மாறவில்லை போலிருக்கிறது. என் தங்கை பேரன் ஒரு பிரபலத்தின் ஸ்டுடியோவில் 18,000-க்குச் சேர்ந்தான். அவனோடு படித்தவன் பெங்களூரில் ஒரு பெரிய கன்சல்டன்சியில் 38,000-க்குப் போனான். "தாத்தா, இங்கே போர்ட்ஃபோலியோ நல்லா வரும்" என்கிறான் இவன். போர்ட்ஃபோலியோவை எந்த வீட்டுக்காரரும் வாடகையாக வாங்கிக்கொள்ளமாட்டார் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அனுபவத்துக்குச் சம்பளம் ஏறும் என்பார்கள். ஏறியது. மூன்றாம் வருஷம் சைட்டுக்கு அனுப்பினார்கள். மேஸ்திரியிடம் ஏமாறாமல் சென்ட்ரிங்கையும் கம்பியையும் சரிபார்க்கத் தெரிந்தவனுக்கு மதிப்பே தனி. ஐந்தாம் வருஷம் கட்சிக்காரரோடு நானே பேசினேன். (அந்தக் காலத்தில் எங்கள் ஆபீஸில் வக்கீல் பாணியில் கட்சிக்காரர் என்றுதான் சொல்வோம்.) சம்பளம் 1,800 ஆயிற்று. அதோடு நின்றது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பார்ட்னர் ஆக வேண்டும். பார்ட்னர் நாற்காலியில் முதலாளியின் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அந்த ஆபீஸில் பத்து வருஷ அனுபவக்காரருக்கும் இருபது வருஷ அனுபவக்காரருக்கும் சம்பள வித்தியாசம் இருநூறு ரூபாய்.

டெல்லிக்காரன் யுபிஎஸ்சி எழுதி மத்திய அரசின் கட்டுமானத் துறையில் சேர்ந்தான். 700–1300 ஸ்கேல், அதன்மேல் பஞ்சப்படி. அவன் வரைந்தது குவார்ட்டர்ஸ்களும் ஆபீஸ் கட்டடங்களும். அதையும் அவன் வரையவில்லை, கீழே இருந்தவர்கள் வரைந்தார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட். 1986-இல் நாலாவது சம்பளக் கமிஷன் வந்து அதே ஸ்கேல் 2200–4000 ஆயிற்று. பதவி உயர்வு மட்டும் ஆமை வேகம். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு பதவி உயர்வு. அதற்காக எங்களிடம் புலம்புவான். 1997-இல் ஐந்தாவது கமிஷன் அரியர்ஸ் மொத்தமாக வந்தது. அந்த வருஷம் மாருதி 800 வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். அவன் காரில் ஏறி நாங்கள் சமயபுரம் போய்வந்தோம். அதற்கப்புறம் யாரும் கேலி செய்யவில்லை.

பம்பாய்க்காரன் கதை வேறு. அங்கே ஆரம்பச் சம்பளமே 1,100. என்னைப்போல் இரண்டு பங்கு என்று வயிறெரிந்தேன். தீபாவளிக்கு வந்தவன் விவரம் சொன்னான். டோம்பிவிலியில் நாலு பேர் தங்கும் அறை, விடிகாலை ரயில், தொங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம். மாதக் கடைசியில் அவன் கையில் மிஞ்சியதும் என் கையில் மிஞ்சியதும் ஒன்றுதான். எனக்குத் தூக்கம் மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதல்.

அவன் 1989-இல் துபாய் போனான். 1993-இல் அவன் சம்பளம் 4,500 திர்ஹாம். அன்றைய கணக்கில் ஒரு திர்ஹாம் எட்டரை ரூபாய் போல. பெருக்கிப் பாருங்கள். திருச்சியில் சொந்த ஆபீஸ் வைத்திருந்த எனக்கு, நல்ல மாதத்தில் ஏழாயிரம் மிஞ்சும். ஆனால் அவனுக்கும் ஒரு குறை இருந்தது. அடுத்த மேஜையில் ஒரு வெள்ளைக்காரர். அனுபவம் இவனைவிட நாலு வருஷம் குறைவு. ஸ்டேர்கேஸ் ஹெட்ரூம் கணக்கை இவன்தான் அவருக்குத் திருத்திக் கொடுப்பானாம். அவருக்கு 14,000 திர்ஹாம், வீடு தனி, வருஷத்துக்குக் குடும்பத்தோடு விமான டிக்கெட். "நான் போட்ட கோட்டுக்குச் சம்பளம் இல்லடா, பாஸ்போர்ட்டுக்குச் சம்பளம்" என்றான். பிறகு அவனும் பெரிய பதவிக்கு வந்தான், அண்ணாநகரில் ஃபிளாட் வாங்கினான். 2009-இல் அங்கே கிரேன்கள் நின்றபோது ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயது. முப்பது வருஷ அனுபவம்தான் அப்போது அவனுக்கு எதிராக நின்றது. இவன் சம்பளத்தில் இளைஞர்கள் மூன்று பேரை வைத்துக்கொள்ளலாமே.

என் விஷயத்துக்கு வருகிறேன். 1985-இல் திருச்சிக்கு வந்து, தில்லைநகரில் ஒரு மாடியறையில் போர்டு மாட்டினேன். ஆர்க்கிடெக்ட் என்றால் என்ன என்று விளக்குவதே முதல் இரண்டு வருஷ வேலை. "இன்ஜினீயர் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். சிலர் "பிளான் போடறவர்". ஆர்க்கிடெக்சர் கவுன்சில் கட்டண விகிதம் வெளியிட்டிருந்தது உண்மைதான். அதை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வசூலிக்க முடியாது. கான்ட்ராக்டரிடம் போனால் பிளான் இலவசம். துணிக்கடையில் பை கொடுப்பதுபோல.

1988-இல் பெல்லிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். வீட்டு மதிப்பு இரண்டு லட்சம். நாலு சதவீதம் என்று எட்டாயிரம் கேட்டேன். "நாலு கோட்டுக்கு எட்டாயிரமா சார்?" என்றார். பேசிப் பேசி மூவாயிரத்தில் முடிந்தது. ஒன்பது தடவை பிளானை மாற்றினேன். ஒருமுறை மாமியார் சொன்னதற்காக, ஒருமுறை வாஸ்து பார்த்தவர் சொன்னதற்காக. கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது வாசல் கதவில் யானையும் தாமரையுமாகச் செதுக்கியிருந்தது. கதவுக்கு மட்டும் ஆசாரிக்கு நாலாயிரம் கொடுத்ததாகப் பெருமையாகச் சொன்னார். ஆசாரிக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அது நல்ல வேலைப்பாடு.

இந்தச் சதவீதக் கணக்கில் இன்னொரு விசித்திரமும் உண்டு. யோசித்து யோசித்துச் சுவரைக் குறைத்து, செலவை இருபதாயிரம் மிச்சப்படுத்தினால் என் கட்டணமும் சேர்ந்து குறையும். மூளையைப் பயன்படுத்தியதற்கு அபராதம்.

இத்தனை பேரைக் குறை சொல்லிவிட்டேன். நான் முதலாளியாக இருந்த கதையையும் சொல்ல வேண்டும். இதை இதுவரை எழுதியதில்லை.

1996-இல் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பி.ஆர்க். முடித்த கையோடு வந்தவள். அப்பா இல்லை, அம்மா சத்துணவு அமைப்பாளர். லால்குடியிலிருந்து தினமும் பஸ். மாதம் 2,500 என்றேன், தலையாட்டினாள். அதே சமயம் ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். ஆட்டோகேட் ஓட்ட ஒரு பையனை வைத்தேன். டிப்ளமா, ஆறு மாதப் பயிற்சி. ஆனால் ஊரில் அந்த வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், 3,500-க்குக் குறைந்து வரமாட்டேன் என்றான். கொடுத்தேன். அவள் யோசித்து வரைவதை அவன் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். அவளுக்கு 2,500, அவனுக்கு 3,500.

ஒன்றரை வருஷத்தில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தை முழுக்கத் தனியாகக் கையாண்டாள். வகுப்பறைகளுக்கு நடுவே முற்றம் விட்டு, மேற்கு வெயில் படாமல் தாழ்வாரம் இறக்கி, நானே செய்யத் தோன்றாத வேலை. அது முடிந்த மாதம் என் அறைக்கு வந்து, "சார், சம்பளம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தா நல்லாருக்கும்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். "ஏம்மா, இங்கே நீ தொழில் கத்துக்கறே..." வாய் தானாகச் சொன்னது. கண்ணாடியைக் கூடத் துடைத்தேனோ என்னவோ. அவள் ஒன்றும் பேசவில்லை. நாலு மாதம் கழித்து பெங்களூர் போய்விட்டாள். அங்கே சாஃப்ட்வேர் கம்பெனிகள் வளாகம் வளாகமாகக் கட்டத் தொடங்கியிருந்த நேரம். முதல் சம்பளமே 8,000 என்று கேட் பையன்தான் வந்து சொன்னான். அவளுக்கு அறிவு கூடிவிடவில்லை. முந்நூற்றைம்பது கிலோமீட்டர் நகர்ந்தாள், அவ்வளவுதான்.

மூன்று வருஷம் முன்பு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சொந்த ஆபீஸ், பதினாலு பேர் வேலை பார்க்கிறார்களாம். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "உங்ககிட்ட கத்துக்கிட்டது நிறைய சார்" என்றாள். எதைச் சொன்னாள் என்று தெரியாமல் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் மூவரில் மாதம் தவறாமல் பணம் வருவது டெல்லிக்காரனுக்குத்தான். டிசைனில் சுமாரானவன். பென்ஷன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி உயர்வு, மருத்துவ அட்டை. துபாய்க்காரன் ஃபிளாட் வாடகையில் இருக்கிறான். நான் பிள்ளை தயவில் சௌக்கியம்.

கோடிவீட்டுக்காரருக்கு நாளைக்குக் கட்டாயம் பதில் சொல்லிவிடுவேன். தொகை சொல்லப்போவதில்லை. எந்த ஊர், யாரிடம், எத்தனையாவது வருஷம் என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். மகளுக்கு வரைய ஆசை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும், அதை அவர் சொல்லவே இல்லை. முடிந்தால் அந்தப் பெண்ணையே நேரில் அழைத்துவரச் சொல்வேன்.

இதை எழுதும் முன் கணக்குகளைச் சரிபார்க்கப் பரணிலிருந்து பழைய சம்பள ரிஜிஸ்டரை இறக்கினேன். ரெவின்யூ ஸ்டாம்ப்மேல் அவள் கையெழுத்து, இருபத்திரண்டு மாதங்களுக்கு. எழுத்து டிராயிங்கில் போடுவதுபோலவே நேராக, அழகாக இருக்கிறது. பதினான்காம் மாதத்தில் 2,500-ஐ அடித்து 2,250 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்தில் 'மூன்று நாள் லீவு'. எதற்காக லீவு எடுத்தாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.