சாப்பிட்டியாப்பா?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று 2018இல் நம் நாட்டில் கட்டுப்பாடு வந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. காலை வணக்கம், எங்கள் குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயில் படம், மூட்டுவலி வைத்தியம் என்று உறவுக்காரர்களுக்கும் பாரிசில் இருக்கும் மகனுக்கும் தினமும் அனுப்புவேன். மகன் பார்த்ததற்கு நீல டிக் விழும்; பதில் வராது.

என் மனைவிக்குப் போனில் எழுத வராது. "சாப்பிட்டியாப்பா?" என்று குரலில் பேசி அனுப்புவாள். அவளுக்குப் பதில் வந்துவிடும். அவனுக்கு வேலை போனது அவளுக்கு இரண்டு மாதமாகத் தெரியும். எனக்குத் தெரியாது.

"நீங்க ஒருநாளாவது அவனை ஏதாவது கேட்டீங்களா?" என்றாள்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, ஆபீசில் ஆயிரக்கணக்கான குறிப்புகள் எழுதியவன் நான். அன்றிரவு ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன்.

அரை மணி கழித்துப் பதில் வந்தது: "இன்னும் இல்லப்பா."