அணிலுக்கு வழிவிட்ட தோப்புகள்

திருவில்லிபுத்தூருக்குச் செல்வோர் பெரும்பாலும் ஆண்டாள் கோயிலின் வானளாவிய கோபுரத்தைக் கண்டு வியந்து, பால்கோவாப் பொட்டலத்துடன் ஊர் திரும்பிவிடுவர். அதில் பிழையில்லை, பால்கோவா அத்தகையது. ஆயினும் ஊருக்கு மேற்கே சிறிது தொலைவு சென்றால் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு உளது. அங்கே செல்லும் அன்பர்கள் அண்ணாந்து பார்த்து நடத்தல் வேண்டும்.

மரக்கிளைகளில் வாழும் சாம்பல் நிற அணிலைக் காண்பதற்கே இப்படிச் சொல்கிறேன். நம் முற்றத்தில் ஓடும் மூவரி அணிலன்று இது. பூனையை ஒத்த உடலும், அதே நீளத்திற்கு வாலும் உடையது. உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. இதன் பொருட்டு 1988-ஆம் ஆண்டில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலைக் காட்டுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று.

காட்டின் எல்லைக்கல் மனிதருக்குத் தெரியும், அணிலுக்குத் தெரியுமா? அடிவாரத்து மாந்தோப்பும், தென்னந்தோப்பும், வரப்போரப் புளியமரமும் அதற்குக் காட்டின் தொடர்ச்சியே. இப்பிராணி தரையில் இறங்க அஞ்சும். கிளைக்குக் கிளை தாவியே உணவு தேடும். பக்கத்து மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இடத்திலேயே பெரும்பாலும் கூடு கட்டும். பருந்தோ கழுகோ வந்தால் தப்பியோட அதுவே வழி. ஆகவே இடையில் ஒரு மரத்தை வெட்டினால், அதற்கு ஒரு பாலத்தை இடித்தது போலாகும்.

அங்கிருந்து ராஜபாளையம் அதிக தூரமன்று. நூற்பாலைகளுக்கும், வேட்டை நாய்களுக்கும், சப்பட்டை மாம்பழத்திற்கும் பெயர்பெற்ற ஊர். அய்யனார் கோவில் ஆற்றை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் இருவகைத் தோப்புகளைக் கண்டேன். ஒன்று, உழுது, சருகைக் கூட்டி எரித்து, தலைவாரிவிட்ட பிள்ளைபோல் சுத்தமாயிருப்பது. மற்றொன்று, தென்னை மட்டையும் சருகும் மூடாக்காகக் கிடக்க, வேலியில் கிளுவையும் நொச்சியும் அடர்ந்து, பார்வைக்குச் சற்றே அலங்கோலமாயிருப்பது. இரண்டாவதில் மண்ணைக் கையால் கிளறினேன். ஈரமிருந்தது, மண்புழுவும் இருந்தது. மூடாக்கு வெயிலைத் தடுக்கிறது. மட்கி மண்ணுக்கு உணவாகிறது. மழைநீரை ஓடவிடாமல் இறங்கச் செய்கிறது. பூச்சிமருந்து படாத வேலியில் தேனீயும், ஓணானும், கீரியும் குடியேறுகின்றன. வயலெலியைப் பிடிக்க ஆந்தையும் வருகிறது.

இவ்வகை வேளாண்மையைத் தமிழகத்தில் ஊர்ஊராகச் சென்று போதித்தவர், 2013-இல் மறைந்த கோ. நம்மாழ்வார். இவ்வட்டாரத்திற்கு அவர் அந்நியரல்லர். 1960-களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்து, பின்பு அப்பணியைத் துறந்தவர். தானியம், பயறு, எண்ணெய்வித்து, தழையுர விதைகளைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி மண்ணில் சேர்க்கும் பலதானிய விதைப்பு அவரால் பரவியது. மானாவாரிக் கரிசலில் பாடுபட்ட உழவருக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.

எனினும் தோப்புக்காரருக்கு நட்டமே இல்லையென்று எழுதுவது நேர்மையாகாது. “பத்துக் காயைத் தின்றால் தின்னட்டும் ஐயா. இளங்காயைக் கடித்துக் கடித்துத் தள்ளினால் வட்டிக்கு வாங்கியவன் என்ன செய்வான்?” என்று ஒருவர் கேட்டார். அணிலோடு நிற்பதில்லை, காட்டுப்பன்றியும் யானையும் வருகின்றன. சிலர் பயந்து வேலியில் நேராக மின்சாரம் பாய்ச்சுகின்றனர். அதனால் விலங்கும் மடிகிறது, மனிதரும் மடிகின்றனர். இம்மலையில் பிறக்கும் நீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ராஜபாளையத்தார் குடத்தை நிரப்புகிறது. காட்டைக் காக்கும் செலவை அடிவாரத்து உழவன் ஒருவனே சுமப்பது என்ன நியாயம்? நகரத்தாரும் அரசும் அதில் பங்கேற்கத்தான் வேண்டும்.

அவருடைய வரப்பில் ஒரு கிழப் புளியமரம் நிற்கிறது. அதன் ஒரு கிளை அவருடைய மாமரத்தைத் தொடுகிறது. மறுகிளை அடுத்தவர் தென்னையின்மேல் சாய்ந்திருக்கிறது. உச்சியில் கூடை கவிழ்த்தாற்போல் ஓர் அணிற்கூடு. விறகு வியாபாரி இருமுறை வந்து கேட்டுவிட்டுப் போனாராம். தோப்புக்காரர் இன்னும் விலை சொல்லவில்லை.