டாக்காவில் ஓர் உப்புக் கணக்கு

டாக்காவில் ஜனவரி மாதம் இப்படிக் குளிரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை! காலை எட்டு மணியாகியும் மொஹாகாலி சாலையில் பனிமூட்டம் விலகவில்லை. முதலில் மணிச்சத்தம் கேட்கிறது, அப்புறம்தான் ரிக்‌ஷா கண்ணுக்குத் தெரிகிறது. நடைபாதை அடுப்பில் பாப்பா பிட்டா வேகிறது. அரிசி மாவு, தேங்காய்த் துருவல், நடுவில் ஈச்ச வெல்லம். ஆவி பறக்க வாயில் போட்டதும் ஊர்க் கொழுக்கட்டை நினைவு வந்து நெஞ்சை அடைத்தது.

"காலரா ஆஸ்பத்திரி" என்றேன். ரிக்‌ஷாக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, நேராக மிதித்தார். 1960இல் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய ஐசிடிடிஆர்,பி ஆராய்ச்சி மையத்துக்கு ஊர் மக்கள் வைத்திருக்கும் பெயர் இது. உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்ற முடியும் என்று டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் காட்டியது இங்கே நடந்த ஆய்வில்தான். இன்று நம் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் பிறந்த வீட்டு வாசலில் நிற்கிறேன்!

உள்ளே பிளீச்சிங் பவுடர் நெடி. வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை, அதன் கீழே ஒரு வாளி. பேதியாகப் போவது அத்தனையும் வாளியில் விழ, அதை அளந்து, அந்த அளவுக்கு ஈடுகட்டுகிறார்கள். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போய்விடுமாம்.

அப்போதுதான் ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். கண் குழிவிழுந்து, நாடி பிடிபடாமல் கிடந்தார். டாக்டரம்மா அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. மெல்ல மெல்லத்தான் அடங்கியது. உடனே நரம்பில் சலைன் ஏறத் தொடங்கியது.

"ரத்தப் பரிசோதனை செய்யவில்லையா?" என்று கேட்டேன்.

"காத்திருக்க நேரமில்லை. இப்போது எடுத்தாலும் சோடியம் 138 என்று வரலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சரியான அளவு. உடம்பே வற்றிக் கிடப்பவருக்கு அது எப்படி வரும்? அவர் பொறுமையாக விளக்கினார். காலராவில் தண்ணீரும் உப்பும் ஏறக்குறைய ரத்தத்தில் இருக்கும் விகிதத்திலேயே சேர்ந்து போகின்றன. ரிப்போர்ட் சொல்வது ஒரு லிட்டருக்கு எவ்வளவு உப்பு என்பதைத்தான்; உடம்பில் மொத்தம் எத்தனை லிட்டர் மிச்சம் என்பதை அது சொல்லாது. பொட்டாசியமும் அப்படியே. அதில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் அமிலம் கூடினால் அது வெளியே கசியும். உள்ளே பற்றாக்குறை இருந்தாலும் தாளில் 4 என்று இயல்பாகவே நிற்கும். சிகிச்சையில் அமிலம் தணிந்ததும் திரும்பச் செல்லுக்குள் போய்விட, எண் சடாரென்று சரியும். அதனால்தான் அமில நிலையைக் காட்டும் பைகார்பனேட்டையும் சேர்த்துப் படிக்கிறார்கள். ஊரில் ரிப்போர்ட் வந்ததும் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் எத்தனையோ குடும்பங்களை நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் பரிசோதனை யாருக்கு? வலிப்பு வந்தவர்கள், மயங்கிக் கிடக்கும் பிள்ளைகள், சத்துக்குறைவானவர்கள், சிறுநீர் வராதவர்கள். மதியம் ஆய்வகத்தில் இளைஞர் ஒருவர் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மஞ்சளாக இருக்கவேண்டிய சீரம் லேசாகச் சிவந்திருந்தது. "ரத்த அணு உடைந்திருக்கிறது. உள்ளே இருந்த பொட்டாசியம் கொட்டிவிட்டது, இதில் வரும் அளவு பொய்" என்று ஒதுக்கி வைத்தார். வேறு ரத்த மாதிரி கேட்டு ஆள் ஓடியது. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கித் திறந்தாலும் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டுமாம். நம் ஊரில் அதைத்தானே செய்யச் சொல்கிறார்கள்!

மாலையில் பார்த்த எட்டு மாதக் குழந்தையை மறக்கவே முடியாது. குளிர்கால ரோட்டா வைரஸ் பேதி. அம்மா பாசத்தோடு ஓஆர்எஸ் கரைத்திருக்கிறார், ஆனால் தண்ணீர் போதவில்லை. அங்கே ஒரு பொட்டலம் அரை லிட்டருக்கு. நம் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. எந்த ஊரானாலும் உறையைப் படித்துத்தான் கரைக்க வேண்டும். குழந்தையின் சோடியம் 164. சட்டென்று இறக்கினால் மூளை வீங்கும். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் குறையவிடாமல் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்கள். நர்ஸ் அக்கா அரை லிட்டர் பாட்டிலை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்து, கழுத்துவரை நிரப்பச் சொல்லி, பொட்டலத்தை முழுதாகக் கொட்ட வைத்தார். இரண்டு முறை செய்து காட்டச் சொன்னார். அடுத்த ரத்தம் இரவு எட்டு மணிக்கு எடுக்க வேண்டும்; சோடியம் 160க்குக் கீழே போயிருந்தால் வேகத்தைக் குறைக்கும்படி அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்.