வேலை நிற்காமல் பூட்டுவது

எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால், உறவினர் முதல் ஜவுளிக்கடைக்காரர் வரை இதே கேள்விதான். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரை ஒழுங்காக முடுக்கி வையுங்கள் என்பதே என் பதில். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது முழுமையான ஆன்டிவைரஸாகவே உள்ளே இருக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதோடு சேர்ந்து அதன் கடுமையான பாதுகாப்பு அமைப்புகள் சிலவும் வேலை செய்வதை நிறுத்திவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அமைப்புகளைப் போட்டுவிடுவது எளிது. அவை போட்டபடியே நிலைப்பதுதான் கடினம். இந்த அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் இதைக் கற்றுக்கொண்டேன். மூத்த கணக்காளர் அக்காவின் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருப்பதாகவே திரை காட்டியது. பச்சை டிக், புதிய வைரஸ் பட்டியல், நேற்றைய ஸ்கேன். விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரே ஒரு வரி, முழு சி டிரைவ். ஸ்கேன் செய்ய வேண்டிய இடத்தையே விட்டுவிடச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, அதைப் போட்டு வெச்சா ரிட்டர்ன் பைல் பண்ண முடியறதில்லீங்க. முன்னாடி இருந்தவருதான் அப்படிப் பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு" என்றார் அக்கா.

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும். தாமதமானால் கிளையன்டுக்கு அபராதம். ஒரு பாதுகாப்பு அமைப்பு அந்த வேலையை நிறுத்தினால் எந்த நல்ல ஊழியரும் அதை அணைக்கத்தான் பார்ப்பார். அணைக்கத் தூண்டாத விதத்தில் அதைப் பொருத்துவது என் பொறுப்பு. இதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் அந்த ஒரு எண்ணத்திலிருந்துதான்.

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் இரண்டு வலுவான பூட்டுகள் சேர்ந்தன. ஒன்று கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். முக்கியமான கோப்புறைகளில் நம்பிக்கைக்குரிய புரோகிராம்கள் மட்டுமே எழுத முடியும், ரான்சம்வேர் வந்தாலும் அங்கிருக்கும் கோப்புகளைப் பூட்டிவிட முடியாதபடி தடுக்கும். இன்னொன்று அட்டாக் சர்ஃபேஸ் ரிடக்‌ஷன் விதிகள். வேர்டும் எக்ஸெலும் வேறு புரோகிராம்களைக் கிளப்பிவிடக் கூடாது, பென் டிரைவிலிருந்து கையொப்பமில்லாத புரோகிராம் ஓடக் கூடாது என்பது போன்ற தடைகள் அவை. இரண்டிலுமே ஆடிட் என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்தால் எதையும் தடுக்காது. தடுத்திருக்க வேண்டியதை ஈவென்ட் வியூவரில் குறித்து மட்டும் வைக்கும். விதிகளுக்கு 1122, கோப்புறைக் காவலுக்கு 1124 என்ற எண்ணில் அந்தப் பதிவுகள் வரும்.

இந்த நிலையை ஒரு முழு காலாண்டுக்கு ஓட விட்டேன். ஓரிரு வாரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆடிட்டர் அலுவலகத்துக்கு அது போதாது. இங்கே வேலைகள் மாதத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வருபவை. டிடிஎஸ் ரிட்டர்ன் காலாண்டு முடிந்த பிறகுதான் தயாராகும். எதிர்பார்த்தபடியே அந்த நாட்களில்தான் பதிவுகளில் புதிதாக ஒரு பெயர் வந்தது: ஜாவாடபிள்யூ.

டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரிக்கும் யூட்டிலிட்டி ஜாவாவில் ஓடுவது. அது டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் கோப்பைச் சேமிக்கும்போது, எழுதுவது யூட்டிலிட்டி என்று விண்டோஸுக்குத் தெரியாது. ஜாவா எழுதுகிறது என்றே தெரியும். ஜாவாவை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் வேலை நடக்கும். ஆனால் நாளை ஜாவாவில் எழுதிய எந்தக் கெட்ட புரோகிராம் வந்தாலும் அதே கதவு அதற்கும் திறந்திருக்கும். அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு ரிட்டர்னை முதலிலிருந்து கடைசி வரை அவர் எப்படித் தயாரிக்கிறார் என்று பார்த்தேன். யூட்டிலிட்டி தருவதை எந்த இடத்தில் சேமித்தாலும் அவருக்கு ஒன்றுதான். கடைசியில் கிளையன்ட் கோப்புறைக்குள் போனால் போதும். சி டிரைவில் காவலுக்கு வெளியே டிடிஎஸ் என்று ஒரு கோப்புறை திறந்தேன். யூட்டிலிட்டி அதற்குள் எழுதும், அக்கா வழக்கம்போல் காப்பி பேஸ்ட் செய்து கிளையன்ட் கோப்புறைக்கு நகர்த்துவார். எக்ஸ்புளோரர் நம்பிக்கைக்குரியது என்பதால் தடை வராது. ஜாவாவுக்கு அனுமதி தர வேண்டியதே வரவில்லை. எந்தக் கையேட்டிலும் இந்த வழியை நான் படிக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததால் கிடைத்தது.

மேக்ரோ விஷயமும் இப்படியே. இணையத்திலிருந்து வந்த எக்ஸெல் கோப்பில் மேக்ரோ ஓடாதபடி 2022இல் மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. மிக நல்ல முடிவு. ஆனால் ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் யூட்டிலிட்டியே மேக்ரோ உள்ள எக்ஸெல்தான். போர்ட்டலிலிருந்து இறக்கியதும் அது ஓடாது. கோப்பின் பிராப்பர்டீஸில் போய் அன்பிளாக் என்பதை டிக் செய்யச் சொல்லிக் கொடுப்பதே பல அலுவலகங்களில் வழக்கம். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்த டிக்கைப் பழகிய கை, நாளை ஒரு போலி நோட்டீஸோடு வரும் கோப்புக்கும் அதையே செய்யும். யூட்டிலிட்டியை நானே இறக்கிச் சரிபார்த்து ஒரு பொதுக் கோப்புறையில் வைக்கிறேன். எல்லோரும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

பென் டிரைவ் இதில் தனிக் கவலை. இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் என்டிஎஃப்எஸ் வட்டில்தான் ஒட்டியிருக்கும். எஃப்ஏடி32 பென் டிரைவில் காப்பி செய்ததும் அது போய்விடும். மஞ்சள் மண்டிக்காரர் தன் கடையில் மெயிலில் வந்த எக்ஸெலைப் பென் டிரைவில் கொண்டுவந்து தரும்போது, எங்கள் கம்ப்யூட்டருக்கு அது இங்கேயே பிறந்த கோப்பு போலத் தெரியும். மேக்ரோ தடை அதைக் கண்டுகொள்ளாது. அந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது, எக்ஸெல் வேறு புரோகிராமைக் கிளப்பக் கூடாது என்ற விதிதான். ஆடிட் முடிந்ததும் முதலில் தடுக்கும் நிலைக்கு மாற்றியது அதைத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு டிஃபெண்டரில் இல்லை. தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கில் உட்காருவதுதான் அது. அட்மின் இல்லாதவர் விலக்குப் பட்டியலை மாற்ற முடியாது. அட்மின் உரிமையோடு ஓடும் ஸ்கிரிப்ட் வந்தாலும் டிஃபெண்டரை அணைக்க விடாமல் டேம்பர் புரொடெக்‌ஷன் நிற்கும். 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று தொடங்கும் திருட்டு ஆக்டிவேட்டர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் இடமே இல்லை.

அக்காவும் மற்றவர்களும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஆடிட்டர் சாரிடம்தான் நேரமானது.

"என் ஆபீஸ், என் கம்ப்யூட்டர். எனக்கே பாஸ்வேர்ட் இல்லையா?"

"உங்க பேர்ல வர்ற மெயிலைத்தானுங்க சார் எல்லாரும் யோசிக்காமத் திறப்பாங்க. உங்க மெஷின்லதான் எல்லாக் கிளையன்ட் பைலும் இருக்கு. முதல்ல பூட்ட வேண்டியது உங்களுதுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அட்மின் பாஸ்வேர்டை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, அவர் பீரோவிலேயே வைக்கச் சொன்னேன். உரிமை அவரிடமே இருக்கும், தினசரி கணக்கில் மட்டும் இருக்காது. அதற்கு ஒப்புக்கொண்டார். முதலாளிக்கு விலக்கு தந்த அலுவலகத்தில் ஊழியர்களிடம் எந்த விதியையும் பேச முடியாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அவர் மறுத்திருந்தால் மற்றவர்களிடமும் என்னால் கேட்டிருக்க முடியாது.

எந்த மாற்றத்தையும் எல்லா மெஷினிலும் ஒரே நாளில் போடுவதில்லை. 2023 ஜனவரி 13 அன்று டிஃபெண்டரின் ஒரு தவறான அப்டேட்டால், மேக்ரோ தொடர்பான ஒரு விதி உலகெங்கும் பல அலுவலகங்களில் ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்டுகளை அழித்தது. விதி ஆடிட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சேதம் இல்லை. அதனால் முதலில் என் மெஷின், பிறகு ஒரு ஜூனியரின் மெஷின், அதன் பிறகே மற்றவை. ரிட்டர்ன் கெடு நாட்களான 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் எதையும் தொடுவதில்லை. இத்தனை பூட்டுக்குப் பிறகும் மாலையில் பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைப்பதை விடவில்லை.

இப்போது மீதியிருப்பது விண்டோஸ் 10 ஓடும் பழைய மெஷின்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அவற்றின் பிராசஸர் விண்டோஸ் 11க்கு ஏற்றதல்ல. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஓட்டலாமே என்று சார் கேட்டார். 2017 மே 12 அன்று வானாக்ரை ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது, போடாதவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள் என்றேன். இந்த மெஷின்களுக்கு இனி இலவசமாகப் பேட்ச் வராது. புதியவை வாங்க அடுத்த நிதியாண்டில் பணம் ஒதுக்குவதாகச் சொன்னார். அதுவரை அவற்றில் இணையமும் மெயிலும் கிடையாது, பென் டிரைவும் கிடையாது. ஸ்கேனரோடும் பிரிண்டரோடும் மட்டும் இணைத்து வைத்திருக்கிறேன்.