நத்தைக்காக ஒரு கடல் பயணம்

டோக்கியோவின் தாகேஷிபா துறையிலிருந்து காலை 11 மணிக்குக் கிளம்பும் ஒகசவாரா மாரு கப்பல், மறுநாள் அதே நேரத்துக்குச் சிச்சிஜிமா தீவை அடைகிறது. இடையே 1,000 கிலோமீட்டர் பசிபிக் கடல். விமான நிலையம் இல்லாததால் வேறு வழியில்லை. அங்கிருந்து சிறிய கப்பலில் இரண்டு மணி நேரம் தெற்கே போனால் ஹஹாஜிமா. திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள் அதிகம். நான் போனது நத்தை பார்க்க.

எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராத ஒகசவாரா தீவுகள் இவை. எப்படியோ கடல் தாண்டி வந்த நத்தைகள் இங்கேயே பெருகிப் பல இனங்களாகப் பிரிந்தன. சுமார் 100 நில நத்தை இனங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் உலகில் வேறெங்கும் கிடையாது. 2011இல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை உலக இயற்கை மரபுத் தலமாக அறிவித்ததில் நத்தைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஹஹாஜிமாவின் சிபுசா மலைப்பாதையில் மழை விட்ட நேரம். ஈரச் சருகின் நடுவே மாண்டரினா நத்தை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கனத்த, பளபளக்கும் பழுப்பு ஓடு. குனிந்து பார்த்தேன். கொம்பு நுனியிலிருந்த கண் ஒரு நொடி உள்ளே சுருண்டு, மெல்ல மறுபடி நீண்டது. இதன் உறவினங்களில் சில மரத்தில் வாழ்கின்றன, சில தரையில், சில இரண்டிலும். இருப்பிடத்துக்கு ஏற்ப ஓட்டின் நிறமும் வடிவமும் மாறும்.

அதனால் ஓட்டைப் பார்த்து உறவு சொல்வது இங்கே பலிக்காது. தோஹோகு பல்கலைக்கழகத்தின் சதோஷி சிபா, நத்தைகளின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவைப் படித்து 1999இல் வம்சாவளியை வரைந்தார். மரவாசி, தரைவாசி என்ற பிரிவு வெவ்வேறு தீவுகளில் தனித்தனியாக, திரும்பத் திரும்பத் தோன்றியிருக்கிறது. ஒரே மாதிரி ஓடு, வேறு வேறு கிளை!

அந்த ரைபோசோம் ஆர்.என்.ஏ. மூலக்கூறின் அமைப்பு எனக்குத் தீராத வியப்பு. ஆர்.என்.ஏ. ஒற்றை இழைதான். ஆனால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுபோல் தன்மீதே மடங்கி, எதிரெதிரே வரும் வேதி எழுத்துகள் ஜோடி சேர்ந்து தண்டுகளாகிறது. ஜோடி சேராத பகுதி வளையமாகத் தொங்குகிறது. தண்டில் ஒரு பக்கம் 'ஜி' எழுத்து 'ஏ' ஆகிவிட்டால் எதிரிலிருக்கும் 'சி'யோடு பொருந்தாது. காலப்போக்கில் அந்த 'சி' 'யு' ஆகிவிட்டால் ஜோடி மீண்டும் சேர்ந்துவிடும். எழுத்து மாறினாலும் மடிப்பு மாறுவதில்லை. வளையங்களிலோ எழுத்துகள் தாராளமாகக் கூடும், குறையும். நில நத்தைகளில் இந்த மரபணு வெகுவேகமாக மாறுவதால், இரண்டு இனங்களின் வரிசைகளை நேராக அடுக்கினால் எந்த எழுத்துக்கு எது இணை என்றே குழம்பும். தண்டுகளை அடையாளக் கற்களாக வைத்து அடுக்கினால்தான் ஒப்பீடு நம்பத்தக்கதாகிறது. ஜோடியாக நடந்த மாற்றத்தை இரண்டு தனி மாற்றங்களாக எண்ணி ஏமாறாமல் இருக்கவும் இந்த அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் நத்தையைக் கொல்ல வேண்டியதில்லை. பாதத்திலிருந்து கிள்ளியெடுத்த துளிச் சதை போதும்.

இந்த வம்சாவளியின் பல கிளைகள் கண்ணெதிரே பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. 1990களில் சிச்சிஜிமாவில் தென்பட்ட நியூகினி தட்டைப்புழு அங்கே காட்டு நத்தைகளை ஏறக்குறையத் துடைத்தெடுத்துவிட்டது. சில இனங்களைக் கூண்டில் வளர்த்துக் காப்பாற்றி வருகிறார்கள். ஹஹாஜிமாவில் நத்தைகள் இன்னும் காட்டிலேயே வாழ்கின்றன. செருப்பின் அடியிலுள்ள மண்ணில் ஒட்டிப் புழு அங்கே வந்துவிடக் கூடாதென்று, ஹஹாஜிமா கப்பலில் ஏறும் இடத்தில் கடல்நீர் நனைத்த விரிப்பில் மிதித்துவிட்டுத்தான் போகச் சொல்கிறார்கள். ஒகசவாராவுக்குப் போகிறவர்கள் அந்த விரிப்பைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நின்று, இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துவிட்டுப் போங்கள்.