போக மறுத்த காவலன்

ஒருவனை வீட்டுக்குள் அமர்த்துவது எளிது; அமர்ந்தவனை வெளியேற்றுவது அரிது. விருந்தினர் சிலரிடத்தும் குத்தகையாளர் பலரிடத்தும் நம் முன்னோர் கண்ட இவ்வுண்மை, இக்காலத்தில் கணினியைக் காக்கும்பொருட்டு நாம் விலை கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸினிடத்தும் செல்லும் என்பதைப் பொங்கல் விடுமுறையொன்றில் யான் நேரிற் கண்டேன். அதனை அமர்த்துதற்கு ஐந்து நிமிஷம் போதும். அகற்றுதற்கோ இரு பகலும் ஓரிரவும் சென்றன. நம் கல்லூரித் தோழர்கள் விடுமுறையில் ஊர் சென்றால், “படித்த பிள்ளை வந்துவிட்டான், இதைக் கொஞ்சம் பார்” என்று கணினியின்முன் இருத்தப்படுவது வழக்கமாதலின், அவ்வனுபவத்தை ஈண்டு எழுதலானேன்.

என் தாய்மாமன் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில், கிழக்கே கொல்லிமலை நீலமாய்த் தோன்றும் ஒரு சிற்றூரில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துபவர். தீவனம் வாங்கியது, முட்டை அனுப்பியது, கழிவுக்கோழி விற்றது, கூலி கொடுத்தது ஆகிய ஒன்பது ஆண்டுக் கணக்கும் வீட்டிலுள்ள பழைய கணினி ஒன்றனுள் அடங்கியிருந்தது. வேறு படி எங்கும் இல்லை. திங்கட்கிழமை காலையில் அக்கணக்கினின்று ஓர் இருப்புப் பட்டியல் எடுத்து வங்கியிற் கொடுத்தால்தான் அவரது கடன் வரம்பு புதுப்பிக்கப்படும். அது புதுப்பிக்கப்பட்டால்தான் தீவனக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை பணம் செல்லும். கோழிகள் கணக்கு வழக்கு அறியா. தீவனம் ஒரு நாள் குறைந்தாலும் முட்டை குறைந்துவிடும்.

யான் சென்றது சனிக்கிழமை காலை. மாமன் திண்ணையிலேயே எதிர்கொண்டார். “மாப்பிள்ளை, பழசு போகமாட்டேங்குது, புதுசு வரமாட்டேங்குது, நடுவுல நான் நிக்கறேன்” என்றார். பழைய ஆன்டிவைரஸின் சந்தா முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. நிமிஷத்துக்கொரு முறை எச்சரிக்கைப் பலகை ஒன்று திரையில் எழுந்து கணக்கை மறைத்தது. மாமன் வேறொரு நிறுவனத்தாரின் ஆன்டிவைரஸை வாங்கி வந்து அமர்த்த முயல, அது “இங்கே முன்னமே ஒருவன் இருக்கிறான், அவனை நீக்கிப் பின் என்னை அழை” என்னும் கருத்துப்படச் சொல்லி நின்றுவிட்டது. பழையதை நீக்கப் புகுந்தால் அது கடவுச்சொல் கேட்டது. அச்சொல்லை அமைத்த கடைப்பையன் வேலை மாறித் திருப்பூர் சென்றுவிட்டான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாமன் மகன், பழையதன் கோப்புறையையே கையால் அழித்துவிட முயன்றிருந்தான். பாதி அழிந்தது, பாதி அழியவில்லை. சேலத்துக் கடைக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டபோது அவர், “ஃபார்மட் போட்டுவிடலாம்” என்று ஒரே சொல்லில் முடித்தார். ஃபார்மட் என்பது எலிக்காக வீட்டைக் கொளுத்துவது போன்றது. அதிலுங்கூடக் கணக்கை முன்னரே எடுத்துவைப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஆகவே வேறெதையுந் தொடாமல் கணக்குக் கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவிற் படியெடுத்தேன். படியெடுத்தாற் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். அடுத்த தெருவிலுள்ள ஜெராக்ஸ் கடையில் அதே கணக்கு நிரல் இருந்தது. அங்கே கொண்டுசென்று திறந்து, கடைசி நாளின் முட்டை எண்ணிக்கை சரியாயிருக்கக் கண்ட பின்னரே மாமன் முகத்தில் உயிர் வந்தது.

நிற்க. தன்னை விலைக்கு வாங்கிய உரிமையாளன் போ என்று சொல்லியும் ஒரு நிரல் ஏன் போக மறுக்கிறது? இதனை அறியாமல் செய்யும் வைத்தியமெல்லாம் இருட்டில் எறிந்த கல்லே. வைரஸ் என்னும் சொல்லைக் கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே நாமக்கல் வட்டாரத்தார் அறிவர். கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்னும் மலையூரின் பெயரால் வழங்குவது, வைரஸால் வருவதே. குஞ்சு பொரித்த ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவது எம் மாமன் பண்ணையில் தவறாத கடமை. கணினி வைரஸ் அதனினும் இளையது. சொந்தக் கணினிகளிற் பரவிய தொடக்ககால வைரஸ்களுள் ஒன்றாகிய ‘பிரெயின்’ என்பதை லாகூரிற் சகோதரர் இருவர் 1986-ஆம் ஆண்டில் எழுதினர். அது பிளாப்பித் தட்டுகளின் வழியே உலகம் சுற்றியது. அதனைத் தொடர்ந்து காவல் நிரல் எழுதும் தொழிலும் வளர்ந்தது. நம் சென்னையிலேயே கே7 கம்ப்யூட்டிங் என்னும் நிறுவனம் 1991-இல் இதற்கெனத் தோன்றியது.

ஏனைய நிரல்களெல்லாம் கணினியாகிய வீட்டில் கூடத்தில் அமர்ந்து வேலை செய்பவை. ஆன்டிவைரஸோ கதவிலும் தாழ்ப்பாளிலும் புகுந்து நிற்பது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதற்கு முன் இஃது ஒரு முறை பார்த்தல் வேண்டுமாதலின், விண்டோஸின் உட்கருவில் ‘ஃபில்ட்டர் டிரைவர்’ என்னும் வடிகட்டியொன்றை அமைத்துக்கொள்கிறது. இணையத்தின் வழி வருவனவற்றுக்கும் அவ்வாறே மற்றொரு வடிகட்டி. இன்னும் ஒன்றுண்டு. வைரஸ் எழுதுவோர் முதலிற் செய்ய நினைப்பது காவலனைக் கொல்லுதல். ஆதலால் தன் கோப்புகளை எவரும் அழிக்காதபடி தானே தடுத்துக்கொள்ளும் ஆற்றலும் இதற்கு வைக்கப்பட்டுள்ளது. அழிக்க வரும் கை வைரஸின் கையா, ஒன்பதாம் வகுப்புப் பையனின் கையா என்று அஃது அறியாது.

இவ்வளவு ஆழத்தில் நிற்பவன் தடுமாறினால் வீடே தடுமாறும் என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உள. 2010 ஏப்ரல் 21-ஆம் நாள் மெக்காஃபி நிறுவனத்தின் புதுப்பிப்பொன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றையே வைரஸென்று பிறழக் கொண்டு அகற்ற முற்பட்டது. கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் நிரலின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் கொடுக்கப்பட்டன. அதற்கு மருந்து என்ன? பல இடங்களில், ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் எழுப்பி, ஒரேயொரு கோப்பைக் கையால் அழித்தல். சேஃப் மோட் என்பது இன்றியமையாதன மட்டும் விழித்து ஏனையவெல்லாம் உறங்கும் நிலை. காவலன் உறங்கும் வேளையில்தான் காவலனை நீக்கவும் இயலும்.

இதனை மாமன் மகனும் ஏதோ ஒரு காணொளியிற் கண்டிருந்தான். ஆனால் சேஃப் மோடிற் புகுந்து வழக்கமான அன்இன்ஸ்டால் பொத்தானை அழுத்தவே, 1601 என்னும் பிழை எண் வந்தது. விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் பணியாள் கிட்டவில்லை என்பது அதன் பொருள். அந்நிலையில் அவனும் உறங்குபவனே. கணினி பழுதாயிற்றென்று அஞ்சிப் பையன் இரண்டு நாளாக யாரிடமும் சொல்லாதிருந்தான். பழுது ஒன்றுமில்லை, வழிதான் வேறு. இன்ஸ்டாலரை நம்பாமல் தானே பழையதன் எச்சங்களைத் தேடி அகற்றும் தனிக்கருவியொன்றை ஆன்டிவைரஸ் நிறுவனத்தார் பெரும்பாலோர் தத்தம் இணையதளத்தில் இலவசமாகவே வைத்துள்ளனர். அதனைச் சேஃப் மோடிற் புகுமுன்னரே இறக்கி வைத்துக்கொள்ளல் வேண்டும்; புகுந்தபின் சாதாரணமாக இணையம் இராது. இங்கே ஒரு சொல். தேடுபொறியில் அக்கருவியின் பெயரை இட்டபோது, முதலில் வந்தது நிறுவனத்தாருடைய தளமே அன்று. அதனைப் போலவே வேஷமிட்ட வேறொன்று, உதவிக்கென்று ஒரு தொலைபேசி எண்ணுடன். காவலனை நீக்கக் கள்ளனிடம் கருவி வாங்குவார் உலகத்தில் உளர் போலும். இன்றேல் அவ்விளம்பரத்துக்கு அவன் பணம் கொடுப்பானா? உரிய நிறுவனத்தின் முகவரியை யானே தட்டிச் சென்று கருவியைப் பெற்றேன்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பலகைகளில் வழிதேடிச் சேஃப் மோடிற் புகுந்து அக்கருவியை ஏவினேன். கால் மணியில் அது தன் வேலையை முடித்து, கணினியை ரீஸ்டார்ட் செய்க என்றது. யான் தண்ணீர் அருந்த எழுந்தேன். அதற்குள் மாமன், வேலை முடிந்ததென்ற மகிழ்ச்சியில், ஷட்டவுன் கொடுத்து மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டார். அஃது அவரது நெடுநாள் வழக்கம். மீண்டும் எழுப்பியதும், கருப்புத்திரையாகிய கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘எஃப்எல்டிஎம்சி’ என்னும் கட்டளையை இட்டேன். உட்கருவில் நிற்கும் வடிகட்டிகளின் பெயர்களும் ஒவ்வொன்றன் உயர எண்ணும் அதில் வரும். ஆன்டிவைரஸுக்கென மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியுள்ள எண்கள் 320000 முதல் 329998 வரை. அவ்வெல்லைக்குள் பழையவன் பெயர் இன்னும் நின்றுகொண்டிருந்தது!

இதன் காரணம் பலர் அறியாதது. விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஷட்டவுன் என்பது பெரும்பாலும் முழு அணைப்பு அன்று. அடுத்த முறை விரைந்து எழும்பொருட்டு உட்கருவின் நிலையை அப்படியே வட்டிற் பதித்துவைக்கிறது. மின்சாரத்தையே துண்டித்தாலும், எழும்போது பதித்துவைத்த பழைய உட்கருவே எழும். ரீஸ்டார்ட் ஒன்றே அதனைப் புதிதாய்த் தொடங்குவது. அடுத்த தொடக்கத்தில் அழிக்க என்று குறிக்கப்பட்ட டிரைவர்கள் அப்பொழுதே அழியும். ரீஸ்டார்ட் கொடுத்தேன், பெயர் மறைந்தது. மாமனுக்கு இதனை விளக்க யாதொரு சிரமமும் இல்லை. ஒரு தொகுதிக் கோழியை ஏற்றியனுப்பியவுடன் மறு தொகுதியைக் கொணர்ந்து விடுவாருண்டா? எருவை வாரி, கூண்டு கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில வாரம் கொட்டகையைக் காலியாக விட்டபின்னரன்றோ புதியன வருகின்றன? “கொட்டகையைக் கழுவாமல் குஞ்சு இறக்கினா என்னாகும்னு எனக்குத் தெரியாதா, மாப்பிள்ளை?” என்றார்.

கழுவ வேண்டியது இன்னும் இருந்தது. பழையவன் போனதும் இணையமும் உடன் போயிற்று. வயர் சரி, மோடம் சரி. ஒரு பக்கமும் திறக்கவில்லை. நெட்வொர்க் அட்டையின் அமைப்பைத் திறந்து பார்க்க, பழைய நிறுவனத்தின் இணைய வடிகட்டி அங்கே குறியிட்டபடியே எஞ்சியிருந்தது. ஆளில்லாத சுங்கச்சாவடி போல அது வழியை மறித்து நின்றது. அதனை அவ்விடத்திலேயே நீக்கி, ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ என்னும் கட்டளையை இட்டு, மீண்டும் ரீஸ்டார்ட் செய்தபின் இணையம் வந்தது. அப்பொழுது இரவு பதினொரு மணி.

அவ்விடைக்காலத்தில் கணினி காவலின்றிக் கிடந்ததோ என்று அத்தை கேட்டார். அன்று. விண்டோஸில் உடன்பிறந்த டிஃபெண்டர் என்னும் காவலன் ஒருவன் உளன்; வெளியிலிருந்து ஒருவன் வந்து பதிவு செய்துகொண்டால் ஒதுங்குவான்; அவன் போனதும் தானே எழுந்து நிற்பான். ஓருறையில் இரு வாள் இருத்தலாகாது என்னும் முறை பற்றியே இவ்வேற்பாடு. இருவரும் ஒருங்கே ஒரே கோப்பைப் பற்றி இழுத்தால் கணினி ஆமையினும் மெதுவாகும். என்னைக் கேட்டால், கணக்கெழுதுவதும் மின்னஞ்சல் பார்ப்பதுமான இல்லங்களுக்கு இவ்வுடன்பிறந்தானே போதும். அப்பணத்தில் இரண்டாவது பென்டிரைவ் ஒன்று வாங்கிக் கணக்கைப் படியெடுத்து வைப்பது நன்று. மாமன் முன்னமே பணம் கொடுத்துவிட்டமையால் என் உபதேசம் செல்லவில்லை.

ஞாயிறு காலை புதியதை ஏவினேன். 1618 என்னும் எண் வந்தது. வேறொரு நிரல் பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஒரே வேளையில் இன்ஸ்டாலர் இருவருக்கு ஊழியம் செய்யான். இதற்கு மருந்து பொறுமையே. அரை மணி கழித்து ஏவ, அமர்ந்தது. ஆயினும் உரிம எண்ணை இட்டபோது, சேவையகத்தை நம்ப இயலவில்லை என்று மறுத்தது. திரையின் வலக்கோடியை நோக்கினேன். அங்கே 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்! இணையத்தில் ஒருவரையொருவர் நம்பும் சான்றிதழ்களுக்கெல்லாம் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2013-இல் வாழும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாத பிள்ளை. தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இரவில் மெயின் சுவிட்சை அணைத்தவுடன் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும். “அது தினமும் அப்படித்தான், காலைல நான் திருத்திக்குவேன், அது குணம்” என்றார் மாமன். நாளைத் திருத்தி உரிம எண்ணை இட்டதும் பச்சைக் குறி தோன்றியது. கருப்புத்திரையிலும் புதியவன் பெயர் உரிய எல்லைக்குள் நின்றது.

பேட்டரியின் மேல் சிஆர்2032 என்று எழுதியிருந்தது. பையன் சைக்கிளிற் சென்று கடைத்தெருவில் அதனை வாங்கி வந்து, மின்னிணைப்பை அகற்றியபின் தானே பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினான். புதிய கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் விடாமல் மாமன் தம் கைப்படத் தீவனக் கணக்குப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதினார். மாலை நான்கு மணிக்கு இருப்புப் பட்டியல் பதினொரு பக்கமாக அச்சாகி வந்தது. அத்தை அவற்றை எண்ணி அடுக்கி, வங்கிக்குரிய பைக்குள் வைத்தார்.