நீர்மூழ்கியும் நம் தங்கவயலும்

கடலுக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், கற்குன்றுகளுக்கும் சயனைடு மேடுகளுக்கும் நடுவே அமைந்த ஊர் இது. ஓர் ஏரி நிரம்பினாலே நம்மவர் கூடி நின்று வேடிக்கை பார்ப்பர். இப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டு முன்கூடத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கட்டப்பட்டது என்றால் அன்பர்கள் நகைக்கக் கூடும். கட்டத் தொடங்கியவர்கள் நாமும், ஏழாம் வகுப்பில் பயிலும் நம் மகனும். அதனை முடித்து வைத்தவர் நம் தந்தையார்.

இதன் தொடக்கம் விசாகப்பட்டினத்தில். மத்திய அரசில் எழுத்தராக இருப்பவனுக்கு வாய்க்கும் ஒரே பெருஞ்செல்வம் விடுமுறைப் பயணச் சலுகை. அச்சலுகையில் குடும்பத்தோடு சென்றிருந்தோம். அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில், மணல்மேல் ஏற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் குர்சுரா என்னும் நீர்மூழ்கியை. சோவியத் நாட்டில் கட்டப்பெற்று, 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் நம் கடற்படையில் சேர்ந்தது அது. 1971-ஆம் ஆண்டுப் போரின்போது காவற்சுற்றில் ஈடுபட்டது. மொத்தம் 73,500 கடல் மைல் ஓடியது என்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு முதல் காட்சிக்கூடமாக இருக்கிறது. 91 மீட்டர் நீளம். ஆனால் உள்ளே நுழைந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். எழுபதுக்கு மேற்பட்ட மாலுமிகள் இந்தக் குழாய்க்குள் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

பணி ஓய்வு பெற்ற கடற்படையினர் அங்கே வழிகாட்டிகளாக இருந்து விளக்குகிறார்கள். தாம் வாழ்ந்த வாழ்க்கையைத் தாமே நின்று பிறருக்குச் சொல்லும் பேறு எத்தனை தொழிலாளிக்குக் கிடைக்கும்? இதனை நாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி அக்கப்பல் ஓய்வு பெற்ற நாளைச் சொன்னார்: 2001, பிப்ரவரி 27.

தந்தையார் ஓர் இரும்புக் குழாயைப் பற்றியபடி நின்றிருந்தார். "நமக்கு மறுநாள்" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு வரை வேறு பேச்சில்லை.

தங்கவயல் அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் தொடங்கிய கோலார் தங்கச் சுரங்கங்கள், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக அவற்றுள் இறங்கிய குடும்பங்களுள் ஒன்று நம்முடையது. தந்தையார் சுரங்கத்துக்குள் ஊறும் நீரை வெளியேற்றும் பம்புகளைப் பேணும் ஃபிட்டராக இருந்தவர். சுரங்கம் மூடியபின் தம் கருவிகளை ஒரு தகரப் பெட்டியில் இட்டுக் கட்டிலடியில் தள்ளினார். சுரங்கத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசியதில்லை. நாம் கேட்டதும் இல்லை, அதுதான் உண்மை. அப்போது நமக்கு இருபது வயது. வேலை தேடி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்த் திரும்பும் அவசரத்தில், தந்தையின் மௌனத்தை விசாரிக்க நேரம் ஏது?

ஊர் திரும்பியதும் மகன் நச்சரித்தான். பெங்களூரில் ஒரு கடையில் அதே வகைக் கப்பலின் பிளாஸ்டிக் மாதிரி கிடைத்தது. 350-இல் ஒரு பங்கு அளவு. கட்டி முடித்தால் 26 சென்டிமீட்டர். பெட்டியைத் திறந்தால் கப்பல் இல்லை. சட்டங்களில் கொத்துக்கொத்தாகப் பிணைந்த துண்டுகளும், படம் போட்ட ஒரு தாளும் இருந்தன. துண்டுகளைப் பிளேடால் நறுக்கி, பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து ஒட்ட வேண்டும். இதற்கான பசை பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து ஒன்றோடொன்று இணைப்பது, பற்றவைப்பு போன்றது. அளவு மீறினால் கரைத்துவிடும். நம் கட்டைவிரல் ரேகை அக்கப்பலின் மேல்தளத்தில் அழியாமல் பதிந்தது இப்படித்தான். இருபது ஆண்டுகள் கோப்புகளைப் புரட்டிய விரலுக்கு வேறென்ன தெரியும்?

மூன்றாம் ஞாயிறன்று உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டோம். மகனுக்கு அதனை நீரில் விட்டுப் பார்க்க ஆசை. அண்டாவில் விட்டோம். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து, செத்த மீனைப் போல மிதந்தது. நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்தது. மகன் முகம் சுருங்கிவிட்டது.

திண்ணையிலிருந்த தந்தையார் எழுந்து வந்தார். கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அடியிலே கனம் இல்லை. நிக்காது" என்றார். பிறகு, விலாவில் வரிசையாக இருந்த சிறு துளைகளைக் காட்டி, "இது எதுக்கு?" என்று பேரனைக் கேட்டார்.

விசாகப்பட்டினத்தில் கேட்டதை மகன் ஒப்பித்தான். நீர்மூழ்கிக்கு உடல் இரண்டு. உள்ளே மனிதர் இருக்கும் உறுதியான உருளை; வெளியே மெல்லிய கூடு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை விட்டால் கப்பல் மூழ்கும். அழுத்தக் காற்றால் அந்நீரை வெளியே தள்ளினால் மேலெழும். துளைகள் வெளிக்கூட்டில் நீர் புகுந்து வெளியேறும் வழி. தந்தையார் தலையசைத்தார். கட்டிலடியிலிருந்து தகரப் பெட்டி வெளியே வந்தது.

அதற்குப்பின் நமக்கு வேலை இல்லை. ஆக்ஸா பிளேடின் ஒரு துண்டால், ஒட்டின தடத்திலேயே, ஒரு மணி நேரம் பொறுமையாக அறுத்து உடலை மறுபடி இரண்டாக்கினார். சைக்கிள் குண்டுகளை அடியில் வரிசையாகப் பதித்து மெழுகு ஊற்றினார். மூடுமுன் அண்டாவில் வைத்துப் பார்த்து, முன்பக்கம் இரண்டு குண்டு குறைத்தார். எழுபது வயதைத் தாண்டிய கை நடுங்கும். அரத்தைப் பிடித்தால் நடுங்கவில்லை. நான்காம் ஞாயிறன்று கப்பல் நிமிர்ந்து மிதந்தது. பெட்டியில் அயல்நாட்டுக் குறிகளே இருந்தமையால், மகன் தானே தூரிகையால் 'எஸ் 20' என்று குர்சுராவின் எண்ணை எழுதினான். எழுத்து சற்றே கோணல்.

அப்போதுதான் அவன் கேட்டான்: "தாத்தா, இது எவ்வளவு ஆழம் போகும்? நீங்க அதைவிட ஆழமா போயிருக்கீங்களா?"

அவ்வகை நீர்மூழ்கி இறங்குவது 300 மீட்டருக்கு உட்பட்ட ஆழம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறபடியால் அதற்குமேல் போனால் உடல் நசுங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3,200 மீட்டர். அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அங்கும் அழுத்தம்தான் எமன். நம் பக்கம் ஏர் பிளாஸ்ட் என்று சொல்லும் பாறை வெடிப்பு நிகழ்ந்தால், மேலே நம் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் கலகலக்கும். பெண்கள் தெருவுக்கு ஓடி வருவர்.

மகனுக்குக் கணக்கில் விருப்பம் அதிகம். 3,200-ஐ 350-ஆல் வகுத்தான். கப்பலின் அளவிலேயே சுரங்கத்தையும் செய்தால் 9 மீட்டர் 14 சென்டிமீட்டர் வந்தது. வீட்டில் அவ்வளவு உயரமான சுவர் இல்லை. தந்தையார் நூல்கண்டு கேட்டார். வாசற்படியில் ஆணியடித்து ஒரு முனையைக் கட்டி, முற்றத்தைக் கடந்து தெருவில் நீட்டினார்கள். 2 மீட்டர் 43 சென்டிமீட்டரில் மகன் முதல் முடிச்சுப் போட்டான். அதுவே கடல் மட்டம். அதிலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான தொலைவில் நீர்மூழ்கியின் எல்லை முடிந்துவிட்டது. கப்பலை அவ்விடத்தில் வைத்தான். நூல் மேலும் ஏறத்தாழ ஆறு மீட்டர், பக்கத்து வீட்டுக் குழாயடி வரை போயிற்று.

தந்தையார் குனிந்து, நூலைத் தடவிக்கொண்டே போனார். முதல் கூண்டிலிருந்து இறங்கி நடந்து அடுத்த கூண்டுக்கு மாறும் இடத்தில் ஒரு முடிச்சு. தாம் பம்புகளைக் காத்த தளங்களுக்கு ஒவ்வொரு முடிச்சு. சிலவற்றில் உடனிருந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். அவர்களுள் இருவர் திரும்பி ஏறாதவர் என்பதை நாம் அன்றுதான் அறிந்தோம்.

"இப்போ அங்க என்ன இருக்கு தாத்தா?"

"தண்ணி. பம்பு நின்னா தண்ணிதான்."

குழாயடியில் குடம் வைத்திருந்த பக்கத்து வீட்டம்மாள், இது என்ன நூல் என்று கேட்டார். அவருடைய கணவரும் சாம்பியன் ரீஃபில் இறங்கியவரே. தந்தையார் அவரிடம் கடைசி முடிச்சைக் காட்டி, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.